'ஏன் போகவில்லை?' என்று கேட்பதற்கு முன்

போன மாதம் ஒரு கல்லூரியில் மாணவர் வாசிப்பு வட்டத்துக்குப் பேசப் போயிருந்தேன். கேள்வி நேரத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் எழுந்து, வாட்ஸ்அப்பில் தனக்கு வந்த செய்தியை வாசித்துக் காட்டினார். செய்தியின் சாரம் இதுதான்: ஜோகேந்திரநாத் மண்டல் என்ற தலித் தலைவர் முஸ்லிம் லீக்கை நம்பினார். அவரை நம்பி லட்சக்கணக்கான தலித்துகள் பாகிஸ்தானிலேயே தங்கினார்கள், அழிந்தார்கள். மண்டல் மட்டும் இந்தியாவுக்கு ஓடி வந்துவிட்டார். தலித்-முஸ்லிம் ஒற்றுமை பேசுகிறவர்களுக்கு இதுதான் பாடம்.

வாசித்து முடித்துவிட்டு அந்தத் தம்பி கேட்டார்: "இது உண்மையா தோழர்? அப்படின்னா அந்த மக்கள் ஏன் அப்பவே கிளம்பி வரல?"

கெட்ட எண்ணத்தில் கேட்ட கேள்வி இல்லை. ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தென்மாவட்டக் கிராமத்தில் சேரி மீது தாக்குதல் நடந்து, உண்மை அறியும் குழுவோடு போயிருந்தோம். விசாரணைக்கு வந்த அதிகாரி ஒருவர், ஓடு உடைந்த வீட்டு வாசலில் நின்ற ஒரு அம்மாவிடம் சொன்னார்: "இவ்வளவு கஷ்டம்னா வேற ஊருக்குப் போயிடலாம்ல?" அந்த அம்மா கோபப்படக்கூட இல்லை. "போறதுக்கு ஒரு ஊரு வேணும்ல சார். எங்க போனாலும் சேரியிலதான கொண்டு விடுவாங்க" என்றார்.

அதிகாரி கேட்டதும் அந்தத் தம்பி கேட்டதும் ஒரே கேள்விதான். ஒரு நாடோ ஊரோ மனிதர்களை நசுக்கும்போது, நசுக்கியவனை விட்டுவிட்டு நசுங்கியவரைப் பார்த்து "நீ ஏன் விலகல?" என்று கேட்பது. பாகிஸ்தான் தலித்துகளின் வரலாற்றை வைத்தே இதற்குப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். ஏனென்றால் அங்கே தங்கியவர்கள் ஏமாந்து தங்கியவர்கள் என்பதுதான் இன்று நமக்கு விற்கப்படும் கதை. நடந்தது அப்படியில்லை.

கராச்சி: சட்டம் போட்டு நிறுத்திய கதை

1947 ஆகஸ்டுக்குப் பிறகு கராச்சியிலிருந்து இந்துக்கள் கப்பல் ஏறத் தொடங்கினார்கள். வணிகர்கள், அரசு அலுவலர்கள், வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள் பம்பாய்க்கும் குஜராத்துக்கும் கிளம்பினார்கள். 1948 ஜனவரி 6 அன்று கராச்சியில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அது பெருவெள்ளமானது. அவர்கள் போவதைப் பற்றிப் புதிய அரசு அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு பிரிவினர் கிளம்பியபோது மட்டும் பதறிப்போனது. நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்கள்தான் அந்தப் பிரிவினர்.

அவர்களுடைய வேலை 'அத்தியாவசியச் சேவை' என்று அறிவிக்கப்பட்டது. நம் ஊரில் அரசு ஊழியர் வேலைநிறுத்தம் என்றால் 'எஸ்மா பாயும்' என்று தலைப்புச் செய்தி வருமே, அதே சொல்தான். மனிதர்கள் நாட்டை விட்டு வெளியேறும் உரிமையைப் பறிக்க அங்கே அது பயன்பட்டது. பாகிஸ்தானில் இந்தியாவின் முதல் தூதராக இருந்தவர் ஸ்ரீபிரகாசா. பிற்பாடு சென்னை மாகாண ஆளுநராகி 1952இல் ராஜாஜியை முதல்வராக்கியவர், அதே ஆள்தான். துப்புரவுத் தொழிலாளர்களை ஏன் போக விடவில்லை என்று தான் பிரதமர் லியாகத் அலி கானிடம் கேட்டதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர்கள் போய்விட்டால் கராச்சியின் தெருக்களையும் கழிவறைகளையும் யார் சுத்தம் செய்வது என்பதுதான் கிடைத்த பதில்.

வணிகன் போனால் கடையை எடுத்துக்கொள்ளலாம். வக்கீல் போனால் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். துப்புரவுத் தொழிலாளியிடம் எடுத்துக்கொள்ள இருந்தது அவருடைய உழைப்பு மட்டும்தான். அதை எடுத்துக்கொள்ள வேண்டுமானால் ஆளையே பிடித்து வைக்க வேண்டும். பிடித்து வைத்தார்கள்.

அன்று இந்தியாவின் சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் 1947 டிசம்பர் 18 அன்று நேருவுக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். தாழ்த்தப்பட்டோர் வெளியேறுவதைப் பாகிஸ்தான் அரசு எல்லா வழிகளிலும் தடுக்கிறது, இழிவேலை செய்யவும் நிலமற்ற கூலிகளாக இருக்கவும் ஆள் வேண்டும் என்பதே காரணம், துப்புரவுத் தொழிலாளர்களை ஒரு மாத முன்னறிவிப்பு இல்லாமல் விடுவிக்க மறுக்கிறார்கள் என்று புகார் சொன்னார். மத வெறியோடு பிறந்த கலவரத்தின் நடுவிலும், புதிய இஸ்லாமிய நாடு ஒன்று பழைய இந்து வருணக் கணக்கை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டது. பிற மதத்தவர் போகலாம், மலம் அள்ளுகிறவர் போகக்கூடாது!

அந்தக் கணக்கு இன்றும் தீரவில்லை. துப்புரவு வேலைக்கு 'முஸ்லிம் அல்லாதோர் மட்டும்' என்று போடப்பட்ட ஆள்சேர்ப்பு விளம்பரங்கள் அண்மை ஆண்டுகள்வரை பாகிஸ்தான் செய்தித்தாள்களில் வந்திருக்கின்றன. அந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள். அவர்களில் மிகப் பலருடைய முன்னோர்கள் பஞ்சாபின் சூஹ்ரா சாதியிலிருந்து மதம் மாறியவர்கள். தேசம் மாறியது, மதம் மாறியது, விளக்குமாறு மட்டும் கை மாறவில்லை.

கிளம்பியவர்கள் யார்?

"அவர்களால் மட்டும் எப்படி வர முடிந்தது?" என்று அடுத்த கேள்வி வரும். சரியான கேள்விதான், பதிலும் இருக்கிறது.

கிழக்கு வங்காளத்தை எடுத்துக்கொள்வோம். பிரிவினையின்போது அரசு ஊழியர்களிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். இந்தியாவில் வேலை செய்ய விருப்பமா, பாகிஸ்தானிலா? விருப்பத்தை எழுதிக் கொடுத்தால் அங்கே வேலை உண்டு. பத்ரலோக் என்று சொல்லப்படும் பிராமண, காயஸ்த, வைத்தியச் சாதிக் குடும்பங்களில் பலருக்குக் கல்கத்தாவில் ஏற்கெனவே வீடோ, உறவினரோ, படித்துக்கொண்டிருக்கும் மகனோ இருந்தார்கள். போவதற்கு ஒரு ஊர் இருந்தது. அதனால் முதலில் போனார்கள். அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. உயிருக்குப் பயந்து போகிறவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் பரிசாலிலும் குல்னாவிலும் ஃபரீத்பூரிலும் சதுப்பு நிலத்தில் நெல் விளைவித்துக்கொண்டிருந்த நமசூத்திர வாரக்குடி விவசாயிக்கு யார் படிவம் கொடுத்தார்கள்? அவருடைய சொத்து வயலில் நிற்கும் பயிரும், ஒரு படகும், இரண்டு மாடும். எதையும் சுருட்டிப் பெட்டியில் வைக்க முடியாது. கல்கத்தாவில் இறங்கினால் அவரைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

மேற்கே பஞ்சாபில் நிலைமை வேறு. அங்கே கொலைக்களத்தின் நடுவே மக்கள் இருபுறமும் துரத்தப்பட்டார்கள். அங்கிருந்து தப்பி வந்த தலித்துகளுக்கு என்ன கிடைத்தது? வெளியேறிய முஸ்லிம்கள் விட்டுப்போன நிலத்தை, அங்கே நிலம் விட்டு வந்தவர்களுக்குப் பங்கிட்டார்கள். நிலம் விட்டு வந்தவருக்குத்தான் நிலம். தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர் எதை விட்டு வந்ததாகக் காட்டுவார்? 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பராதீனச் சட்டம் 'விவசாயச் சாதிகள்' என்று ஒரு பட்டியல் போட்டு, வயலில் உழைத்த தலித்துகளை அதற்கு வெளியே நிறுத்தியிருந்தது. நேற்று வரை நிலம் வாங்க விடாத சாதியின் பெயரைச் சொல்லி, இன்று நீ நிலம் இழந்தவன் இல்லை என்றார்கள். முகாம்களிலும் அதே கதைதான். பொறுப்பில் இருக்கும் அதிகாரிகள் பாகுபாடு காட்டுவதால் தாழ்த்தப்பட்டோர் முகாம்களில் தங்க முடியவில்லை, முகாமில் தங்காதவர்களுக்கு நிவாரணம் இல்லை என்று விதி வைத்திருக்கிறார்கள் என்பதும் அம்பேத்கரின் அதே கடிதத்தில் உள்ள புகார்தான்.

அங்கே போக விடவில்லை, இங்கே வந்தால் சேர்க்கவில்லை. இதற்கு நடுவில் நின்றவரைப் பார்த்துத்தான் "ஏன் வரல?" என்று கேட்கிறோம்.

மண்டலை நம்பித்தான் தங்கினார்களா?

இப்போது வாட்ஸ்அப் செய்தியின் மையத்துக்கு வருகிறேன்.

ஜோகேந்திரநாத் மண்டல் முஸ்லிம் லீக்கை நம்பினார் என்பது உண்மை. 1946இல் அம்பேத்கரை வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பப் பாடுபட்டவர் அவர். 1947 ஆகஸ்ட் 10 அன்று பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையின் முதல் கூட்டத்தில் தற்காலிகத் தலைவராக அமர்ந்தவர். அந்த நாட்டின் முதல் சட்ட, தொழிலாளர் அமைச்சர். நமசூத்திரர்களும் முஸ்லிம் விவசாயிகளும் ஒரே ஜமீன்தார்களிடம் அடிபடுகிறவர்கள், ஆகவே ஒன்றாக நிற்க முடியும் என்று அவர் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கு தோற்றது. 1950 பிப்ரவரியில் கிழக்கு வங்காளத்தில் நடந்த கலவரங்களுக்குப் பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவிலிருந்து நீண்ட பதவி விலகல் கடிதம் அனுப்பினார். தன் மக்கள் மீது நடந்த கொலைகளையும் வன்கொடுமைகளையும் ஊர் ஊராக அதில் பட்டியலிட்டார். அவர் தோற்றதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவரே மறைக்கவில்லை.

ஆனால் 'மண்டல் சொன்னதால் தலித்துகள் தங்கினார்கள்' என்பது வேறு கூற்று. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

1946 தேர்தலில் மண்டலின் கட்சியான பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்கு வங்காளத்தின் 30 தனித்தொகுதிகளில் கிடைத்தது ஒன்றே ஒன்று. அது மண்டலின் இடம். பூனா ஒப்பந்தத்தின் கூட்டுத்தொகுதி முறையில் நடந்த தேர்தல் என்பதால் அந்த எண்ணை அப்படியே தலித் மக்களின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் நமசூத்திரர்கள் எல்லோரும் அவர் பின்னால் அணிவகுத்தார்கள் என்று சொல்ல முடியாது என்பது தெளிவு. மதுவா சமயத்தின் குருக் குடும்பத்தைச் சேர்ந்த பி.ஆர். தாகூர் காங்கிரசில் இருந்தார். வங்காளத்தைப் பிரிக்க வேண்டும் என்று கேட்ட நமசூத்திரத் தலைவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பின்பற்றிய குடியானவர்கள் மட்டும் 1947இலேயே கிளம்பிவிட்டார்களா? இல்லை. மண்டலை ஏற்றவர், ஏற்காதவர், அவர் பெயரே கேட்டிராதவர் எல்லோரும் பயிரோடும் நிலத்தோடும்தான் இருந்தார்கள். 1950 கலவரத்துக்குப் பிறகு ஒரு கூட்டம் வந்தது. 1964 கலவரத்துக்குப் பிறகு இன்னொரு கூட்டம் வந்தது. தலைவர் சொன்னதால் வந்தவர்கள் அல்ல, வீடு எரிந்ததால் வந்தவர்கள். எரியாத வீடுகளில் இருந்தவர்கள் இருந்தார்கள்.

இன்னொன்றும் அந்தச் செய்தியில் வராது. அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் அன்று இந்திய அரசின் கொள்கை. பஞ்சாபில் மக்கள் பரிமாற்றத்தை ஏற்றுக்கொண்ட அரசு, வங்காளத்தில் அதை ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 8 அன்று கையெழுத்தான நேரு-லியாகத் ஒப்பந்தத்தின் சாரமே, சிறுபான்மையினர் அவரவர் நாட்டிலேயே பாதுகாப்போடு இருக்க வேண்டும், போனவர்கள் திரும்பலாம் என்பதுதான். சொத்து சட்டப்படி அவர்களுடையதாகவே இருக்கும் என்றார்கள். அதனால் பஞ்சாபில் கிடைத்ததுபோல் கிழக்கு வங்காள அகதிகளுக்கு ஈடாக நிலம் கிடைக்கவில்லை. 1952இல் எல்லைக்குக் கடவுச்சீட்டு முறை வந்தது. ஒரு அரசு "இங்கேயே கிட" என்றது, இன்னொரு அரசு "அங்கேயே இரு" என்றது. கடைசியில் பழி மட்டும் மண்டல் தலையில்!

வந்தவர்களுக்கு என்ன நடந்தது?

தங்குவதா போவதா என்று ஒரு குடும்பம் முடிவெடுக்கும்போது இங்கிருக்கும் கொடுமையை மட்டும் எடை போடாது. அங்கே என்ன காத்திருக்கிறது என்பதையும் எடை போடும். முன்பே போன உறவினரின் கடிதம்தான் அந்தத் தராசின் படிக்கல். அந்தக் கடிதங்களில் எழுத என்ன இருந்தது?

கல்கத்தாவில் மேல்சாதி அகதிகள் நகரைச் சுற்றிக் குடியிருப்புகளை உருவாக்கி, போராடிப் பட்டாவும் பெற்றார்கள். கடைசியாக வந்த நமசூத்திர விவசாயிகளில் பலரை முகாமில் அடைத்து, பிறகு வங்காளத்துக்கு வெளியே அனுப்பினார்கள். 1958இல் தொடங்கிய தண்டகாரண்யத் திட்டத்தில் பஸ்தர், கோராபுட் காடுகளில் கொண்டு விட்டார்கள். ஆற்று நீரில் நெல் விளைவித்தவரை, வறண்ட மேட்டு நிலத்தில், அதுவும் ஆதிவாசிகளின் நிலத்தில் குடியேற்றினார்கள். ஒரு ஒடுக்கப்பட்ட கூட்டத்துக்கு எதிராக இன்னொரு ஒடுக்கப்பட்ட கூட்டத்தை நிறுத்துவது அரசுகளுக்குப் பழகிய வேலைதானே.

1978இல் அவர்களில் ஒரு பகுதியினர் அங்கிருந்து புறப்பட்டு, சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பி தீவுக்குத் திரும்பி வந்தார்கள். சுமார் 30,000 பேர் என்று சொல்லப்படுகிறது. அரசிடம் பணம் கேட்கவில்லை. தாங்களே குடிசை, பள்ளிக்கூடம், மீன்பண்ணை எல்லாம் அமைத்துக்கொண்டார்கள். எதிர்க்கட்சியாக இருந்தபோது இவர்களை வங்காளத்துக்குள்ளேயே குடியமர்த்த வேண்டும் என்று பேசிய இடதுசாரிகள் அப்போது ஆட்சியில் இருந்தார்கள். வனப் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, 1979 ஜனவரியில் தீவைப் படகுகளால் சுற்றி வளைத்து உணவையும் குடிநீரையும் நிறுத்தினார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது. மே மாதத்தில் குடிசைகளை எரித்து எல்லோரையும் அப்புறப்படுத்தினார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எண்ணிக்கை இன்றுவரை இல்லை. எண்ணிப் பார்க்க வேண்டும் என்று எந்த அரசுக்கும் தோன்றவில்லை.

சாதிச் சான்றிதழ் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கு வங்காளத்தில் பட்டியல் சாதியாக இருக்கும் நமசூத்திரர், சத்தீஸ்கரிலும் உத்தராகண்டிலும் அரசு குடியேற்றிய இடத்தில் பட்டியல் சாதி இல்லை. அரசே கொண்டுபோய் விட்டது, அரசே உரிமையை எடுத்துக்கொண்டது. தீண்டாமை மட்டும் பத்திரமாகக் கூடவே வந்தது.

சிந்து: கடன், மண், மூடிய ரயில்

இன்றைய பாகிஸ்தானுக்கு வருவோம். 2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைப் பட்டியல் சாதியினர் என்று பதிந்துகொண்டவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். மேக்வார், பீல், கோலி மக்களில் பெரும்பகுதி சிந்துவின் தார்பார்க்கர், உமர்கோட், மீர்பூர் காஸ் பக்கம் வாழ்கிறது. அயூப் கான், யாஹ்யா கான், ஜியா உல் ஹக், முஷரஃப் என்று நான்கு ராணுவ ஆட்சிகளைப் பார்த்தவர்கள். ஜியா காலத்தில் 1985 முதல் முஸ்லிம் அல்லாதவர்கள் பொதுத் தொகுதியில் வாக்களிக்கவே முடியாது. ஊர் உறுப்பினர் இவர்களிடம் ஓட்டுக் கேட்டு வரவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. 2002இல்தான் அது மாறியது.

இவர்கள் ஏன் போகவில்லை?

முதல் பூட்டு கடன். நிலவுடைமையாளரிடம் குடும்பத்தோடு வாரத்துக்கு உழைக்கும் 'ஹாரி'கள் இவர்கள். கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய முன்பணம் கணக்கில் ஏறிக்கொண்டே போகும், இறங்காது. கணக்கு நோட்டு ஆண்டையின் கையில். நம் ஊர் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் இருளர் குடும்பங்களைக் கட்டிப் போடும் அதே முன்பணம்தான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அங்கே 1992இல் வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகும், விடுதலையான ஒரு பீல் தொழிலாளியின் குடும்பத்தில் 9 பேர் 1998இல் கடத்தப்பட்டார்கள். அவர்களை மீட்டுத் தரக் கேட்டு அவர் ஆண்டுக்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார். பக்கத்து ஊருக்கே போக முடியாதவரிடம் பக்கத்து நாட்டுக்கு ஏன் போகவில்லை என்று எப்படிக் கேட்பது?

இரண்டாவது பூட்டு எல்லை. சிந்துவையும் ராஜஸ்தானையும் இணைத்த கோக்ராபார்-முனாபாவ் ரயில் பாதை 1965 போரோடு மூடப்பட்டது. 2006இல் தார் எக்ஸ்பிரஸ் என்று திரும்ப ஓடியது. 2019 ஆகஸ்டில் மறுபடியும் நின்றது. விசா, பாஸ்போர்ட், பஞ்சாப் வழியாகச் சுற்றுப் பயணம் எல்லாவற்றுக்கும் காசு வேண்டியிருந்தது. குடும்பத்தில் ஐந்து பேருக்குக் காசு புரட்டினால் இரண்டு பேர் விடுபடுவார்கள். விடுபடுகிறவர் வயதான அம்மாவாக இருப்பார், அல்லது இன்னொரு வீட்டுக்குக் கட்டிக் கொடுத்த அக்காவாக இருப்பார். "குடும்பத்தோடு போயிடலாமே" என்று சொல்வது எளிது. எந்தக் குடும்பமும் முழுதாகப் போவதில்லை, பிய்ந்துதான் போகிறது.

மூன்றாவதாகச் சொல்லப்போவது பூட்டு இல்லை. அது அவர்களுடைய மண். இதை நாம் மறந்துவிடுகிறோம். தங்கியவர் எல்லோரையும் மாட்டிக்கொண்டவராக மட்டுமே பார்ப்பதும் ஒருவகை அவமதிப்புதான். கிருஷ்ண குமாரி கோலியை எடுத்துக்கொள்ளுங்கள். நகர்பார்க்கர் பக்கத்து ஊர்க்காரர். சிறுமியாக இருந்தபோது உமர்கோட் மாவட்டத்தில் ஒரு நிலவுடைமையாளரின் தனியார் சிறையில் குடும்பத்தோடு ஏறக்குறைய 3 ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தவர். வெளியே வந்து, படித்து, சமூகவியலில் முதுகலை முடித்து, கொத்தடிமை முறைக்கு எதிராக வேலை செய்தார். 2018 மார்ச்சில் பாகிஸ்தான் மேலவைக்குத் தேர்வானார். ஒருவர் மேலவைக்குப் போனதால் சாதி ஒழிந்துவிடாது, அது நமக்கே தெரியும். ஆனால் அவரிடம் போய், நீ தவறான நாட்டில் தங்கிவிட்டாய் என்று சொல்ல எவருக்குத் தகுதி இருக்கிறது?

திறந்திருப்பதாகச் சொல்லப்படும் கதவு

"இப்போதுதான் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்துவிட்டதே, வரலாமே" என்பார்கள். 2019இல் வந்த அந்தச் சட்டத்தின் விதிகள் 2024 மார்ச்சில்தான் வெளியாயின. 2014 டிசம்பர் 31 வரை வந்தவர்களுக்கு என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு கொடுமை தாங்காமல் கிளம்பி வந்த பீல் குடும்பத்துக்கு? 2023 மே மாதம் ஜெய்சல்மேர் அருகே அமர்சாகரில், பாகிஸ்தானிலிருந்து வந்து குடிசை போட்டிருந்த இந்துக் குடும்பங்களின் வீடுகளை மாவட்ட நிர்வாகம் இயந்திரம் வைத்து இடித்தது. சுட்டெரிக்கும் வெயிலில் குழந்தைகளோடு தெருவில் நின்றார்கள். மேடையில் அவர்கள் 'துன்புறும் இந்து சகோதரர்கள்'. தரையில் அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள்.

அதே சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை என்பது தமிழ்நாட்டு முகாம்களில் பல்லாண்டுகளாக இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்களிலும் இந்துக்கள் உண்டு. ஆக, இந்து என்பது மட்டும் அந்தக் கதவுக்குப் போதிய சாவி இல்லை.

அம்பேத்கர் வரச் சொன்னாரே?

சொன்னார். 1947 நவம்பர் 27 அன்று விட்ட அறிக்கையில், பாகிஸ்தானில் சிக்கிய தாழ்த்தப்பட்டோர் கிடைக்கும் வழிகளில் இந்தியாவுக்கு வந்துவிட வேண்டும் என்றார். முஸ்லிம் லீக்கை நம்புவது அழிவு என்றும் சொன்னார். இதை மழுப்ப வேண்டியதில்லை. பாகிஸ்தான் செய்தது கொடுமைதான். மண்டலின் கடிதமே அதற்குச் சாட்சி. மதத்தின் பெயரால் நடந்த எந்த ஆட்சிக்கும் நான் இங்கே வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் வாட்ஸ்அப் செய்தி எழுதுகிறவர் அந்த அறிக்கையோடு நிறுத்திக்கொள்வார். மூன்றே வாரத்தில் அம்பேத்கர் நேருவுக்கு எழுதிய கடிதத்துக்கு வரமாட்டார். வா என்று மக்களிடம் சொன்னவர், வர வழி செய் என்று அரசிடமும் கேட்டார். முகாமில் பாகுபாட்டை நிறுத்து என்றும் கேட்டார்.

போவது பற்றி அவருக்கு எப்போதுமே அந்தத் தெளிவு இருந்தது. 1935இல் குஜராத்தின் கவிதா கிராமத்தில், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதற்காகத் தலித்துகள் மீது சாதி இந்துக்கள் புறக்கணிப்பை ஏவினார்கள். கிணற்றில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். காந்தி அந்த மக்களுக்கு ஊரை விட்டு வெளியேறும்படி அறிவுரை சொன்னார். எந்த ஊருக்கு? எந்த நிலத்துக்கு? 1942இல் நாக்பூர் மாநாட்டில் அம்பேத்கர் இயக்கம் தனிக் குடியேற்றங்கள் கேட்டபோது, அரசு நிலம் தர வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்டது. நிலம் இல்லாமல் 'போ' என்பது அறிவுரை. நிலத்தோடு 'போகலாம்' என்பது உரிமை.

அந்தத் தம்பிக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். தங்குவது சம்மதம் இல்லை. போகாதவர் ஏமாளியும் இல்லை. எந்த நாட்டு மக்களைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "ஏன் போகவில்லை" என்று யாராவது கேட்டால், நான்கு கேள்விகளைத் திருப்பிக் கேளுங்கள். போக விடாமல் தடுத்தது எந்தச் சட்டம்? வழிச் செலவுக்குக் காசு யாரிடம் இருந்தது? போன இடத்தில் நிலமும் சான்றிதழும் யார் கொடுத்தார்கள்? முதலில் போனவர்களுக்கு என்ன நடந்தது? நான்குக்கும் பதில் சொல்ல முடியாதவருக்கு முதல் கேள்வியைக் கேட்கும் உரிமை கிடையாது.

அடுத்த முறை அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வரும்போது, மண்டலைத் திட்டிவிட்டோ மண்டலைக் காப்பாற்றிவிட்டோ நகர்ந்துவிடாதீர்கள். மரிச்ஜாப்பி என்று ஒரு சொல்லை மட்டும் பதிலாகப் போடுங்கள். அனுப்பியவர் என்ன சொல்கிறார் என்று பாருங்கள். சேரி வாசலில் நின்ற அந்த அம்மாவுக்கு அந்த அதிகாரி அன்றைக்குப் பதில் ஏதும் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அவருக்குப் போவதற்கு ஒரு ஊர் இருந்தது.